நடு வரிசை எலிகள்

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் நான் ஆராய்ச்சி மாணவி. அந்த நாட்களில் என்னோடு தினமும் பேசியவர் ஒரே ஒருவர்தான்: எலிக்கூண்டுகளைக் கழுவ வரும் அக்கா. விடுதிப் பெண்கள் எல்லாரும் சனிக்கிழமையானால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். எலிகளுக்கு ஏது ஞாயிறு? கோபியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் போய் ஐந்து மாதமாகியிருந்தது. எப்போது வருகிறாய் என்று கேட்டு எழுதுவதை அம்மாவும் விட்டுவிட்டாள்.

ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் எனக்கே தூக்கம் வரும். மூன்று வரிசைக் கூண்டுகள். முதல் வரிசைக்கு நல்ல தண்ணீர். நடு வரிசைக்கு நொய்யல் ஆற்றில் மொண்டு வந்த சாயப்பட்டறைக் கழிவுநீர். கடைசி வரிசைக்கு அதே சாயத் தண்ணீர், கூடவே கீழாநெல்லிச் சாறு. சாயம் ஈரலைக் கெடுக்கிறதா, கீழாநெல்லி காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து எலிகளைக் கொன்று அறுத்துப் பார்த்தேன். மூன்று வரிசை ஈரல்களும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. சாயத்தால் பெரிய கெடுதலும் இல்லை, மருந்தால் பெரிய பலனும் இல்லை. அத்தனை ஞாயிறுகளும் வீண். எலி அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"சாயத்தால கெடுதல் இல்லீங்களா? எங்கூட்டுக் கெணறே செவந்து போய்க் கெடக்குதுங்க. ஆடுகூட வாய் வெக்கறதில்ல" என்றார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அழுவாதீங் அம்மணி. மருந்து நல்லா வேல செஞ்சிருக்குதுங்க. நடு வரிசைக்கும் தெனமும் காலைல நாந்தான் கீழாநெல்லி புடுங்கியாந்து போட்டனுங்க" என்றார்.

"நடு வரிசைக்குமா?" என்று எழுந்தேன்.

"ஒரே ரூம்புல வெச்சுப்போட்டு, ஒருத்தருக்கு மருந்து, பக்கத்துல இருக்கறவங்களுக்கு இல்லீன்னா அது பந்தி வஞ்சனைங்க. எனக்கு மனசு கேக்குலீங்க."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்று கத்தினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்படிக் கத்தியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என் ஆராய்ச்சி கைடிடம், நான்தான் கூண்டுகளை மாற்றி வைத்துவிட்டேன் என்றேன். கூண்டைப் பார்த்து வைக்கத் தெரியாதவளுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அக்காவின் வேலை போயிருக்கும், அவர் தற்காலிகம். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாளே அவரிடமிருந்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டேன். கூண்டுகளை நானே கழுவிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவரை மாடிப்படி துடைக்கப் போட்டார்கள்.

புது எலிகளோடு மறுபடி மூன்று மாதம். கதவைப் பூட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக வேலை செய்தேன். சில நாட்களில் நான் பேசிய முதல் வார்த்தையே சாயங்காலம் மெஸ்ஸில் "சாம்பார்" என்பதாக இருக்கும். நடு வரிசை எலிகளுக்கு முடி கொட்டியது. மூலையில் சுருண்டு கிடந்தன. அவற்றைத் தாண்டிப் போய்த்தான் கடைசி வரிசைக்குச் சாறு ஊற்ற வேண்டும். ஒருநாள் கையில் நாலு தழையோடு நடு வரிசை முன்னால் வெகுநேரம் நின்றேன். பிறகு தழையைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

இந்த முறை முடிவு தெளிவாக வந்தது. நடு வரிசை ஈரல் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசி வரிசை ஈரல் பெரும்பாலும் தப்பியிருந்தது. கைடு முதல்முறையாகச் சிரித்தார். எனக்கு அக்காவிடம்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஓடினேன். அவர் இரண்டாம் மாடிப் படியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க சொன்னது நெசந்தானுங்க. சாயம் கெடுக்குது. கீழாநெல்லி காப்பாத்துது."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பிடிங்களா!" என்றவர், கொஞ்சம் தயங்கி, "நடு வரிசைக்கு நீங்க ஒண்ணுமே குடுக்கலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க்கா."

துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார். நான் இறங்கிப் போகச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

"படி ஈரமா இருக்குதுங்க. பாத்து எறங்குங்க, மேடம்."