குடிக்காத சாறு

எழுபத்தொன்பதாம் ஆண்டு என் கண் மஞ்சளானது. எனக்குத் தெரியாது, என்னிடம் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. ஈப்போ பக்கத்து பத்து காஜா ஊர் பஸ் நிலையத்தில் தேநீர்க் கடைக்காரர்தான் சொன்னார்.

"என்னா தம்பி, கண்ணுல மஞ்சள் பூசிக்கிட்டு வந்திருக்க?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது எனக்குக் காசநோய். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஈயச் சுரங்கம், தாப்பா ஊரிலிருந்து மலைக்குப் போகும் லாரியில் வேலை, கடைசியில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் புல்லைக் கருக்கும் மருந்து அடிக்கும் வேலை. ஓர் ஊரில் மூன்று மாதம் தாங்க மாட்டேன். நோய் வந்த பிறகு தினமும் மருத்துவமனைக்குப் போய், அவர்கள் கண் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டியதாயிற்று. அதற்காகப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுக்கும் என் கூட்டாளி சாமுவேல் வீட்டில் தங்கினேன்.

"மாத்திரைதான் ஈரலைத் தின்னுது லா. அதை நிறுத்து. கீழாநெல்லி அரைச்சுக் குடி," என்றார் என் நோய் தெரிந்த அந்தத் தேநீர்க் கடைக்காரர்.

நிறுத்திவிட்டேன். மருத்துவமனையில் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் அந்தப் பக்கமே போகவில்லை. சிறுநீர் கறுத்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. பயம் வரவில்லை. மனசு மரத்த கால் மாதிரி கிடந்தது. செத்தால் எங்கே புதைப்பார்கள் என்று ஒருமுறை யோசித்தேன். அதுவும் பெரிதாகப் படவில்லை.

பத்தாம் நாள் காலை ரப்பர் மரங்களுக்கு நடுவே கீழாநெல்லி தேடிப் போனேன். எத்தனையோ தோட்டத்தில் நானே மருந்தடித்துக் கருக்கிய செடி. இலையெல்லாம் ஈரமாக இருந்தது. பனி என்று நினைத்தேன். வேரோடு பிடுங்கி, ஒரு தண்ணீரில் அலசி, அரைத்துப் பிழிந்து ஒரு குவளை எடுத்தேன்.

சாமுவேல் மனைவி எஸ்தர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஜெபிக்காமல் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. எனக்கு அது தொல்லை. ஆனாலும் அவர்கள் சோற்றைத் தின்கிறவன். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இந்தச் சாறு வேலை செய்யட்டும்."

அவ்வளவுதான். அதில் விசுவாசம் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கண்ணைத் திறப்பதற்குள் எஸ்தர் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, வேணாம்! புல்லு மருந்து வாடை அடிக்குது."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலியே."

"உங்களுக்கு எப்படி அடிக்கும்? நீங்களே மருந்து டின்னு மாதிரி தானே இருக்கீங்க!"

அவள் சொன்னது சரி. வருஷக்கணக்கில் முதுகில் சுமந்த மருந்தின் வாடை என் மூக்குக்குப் பழகிப்போயிருந்தது. விடிந்ததும் அங்கே மருந்து அடித்திருக்கிறார்கள். நான் பார்த்தது பனி அல்ல.

குவளையைச் சாக்கடை ஓரம் கொட்டினாள். மறுநாள் அங்கே புல் கருகிக் கிடந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே சாமுவேல் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையால் ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். படுக்கவைத்து, எல்லா மருந்தையும் நிறுத்தி, ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கீழாநெல்லி குடிக்கலாமா என்று கேட்டேன்.

"பச்சிலையும் மருந்துதான்யா. இந்த ஈரலுக்கு இன்னொரு சுமை வேணாம். எங்ககிட்ட கேக்காம எதையும் குடிக்காதே, எதையும் நிறுத்தாதே," என்றார் தமிழ் நர்ஸ்.

கண் வெளுக்கப் பல வாரம் ஆனது. பிறகு மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். ஒத்துக்கொள்ளாத ஒன்றை மாற்றினார்கள். முடியும்வரை ஒருநாளும் தவறவில்லை. ஓர் ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது அதுதான் முதல்முறை. பிறகு போகவும் தோன்றவில்லை. இன்று ஈப்போவில் வேலை. ஞாயிறுதோறும் உங்களோடு இந்தச் சபையில், இந்தப் பெஞ்சில் இருக்கிறேன்.

சாறு வேலை செய்யட்டும் என்று கேட்டேன். ஆண்டவர் அதைக் குடிக்கவிடவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த பதில். அவருக்கு நன்றி.

மாத்திரையை ஒளித்துவிட்டுப் பச்சிலையைத் தேடுகிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஜெபியுங்கள். மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தனியாகக் குடிக்காதீர்கள். கண்ணை மூடும்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.