ஸ்ட்ரெச்சருக்கு முப்பத்தொரு வினாடி

அவர் சொந்தப் பெயர் மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாது. பல்லக்கு என்று கேட்டால் டிக்கெட் கிழிப்பவர்கூடக் கை காட்டுவார். கால்பந்து ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வெளியே கொண்டுவருவதுதான் அவருக்கு வேலை. தலைமாட்டைப் பிடிப்பது பல்லக்கு, ஆறடி ஆள். கால்மாட்டைப் பிடிப்பது அவர் மச்சான், ஐந்தடிக்கு அரை விரல் குறைச்சல். படுத்தவன் சறுக்குமரத்தில் கிடக்கிற மாதிரி வழிந்துகொண்டே வருவான்.

பல்லக்குக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. ஊர் அணி ஜெயிக்கிற நிலையில் நம்ம ஆள் விழுந்தால், நேரம் கரையட்டும் என்று எறும்பு மிதிபடாமல் நடப்பார். எதிரணிக்காரன் விழுந்தால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரி ஓடுவார்.

லீக் தொடங்கி ஆறு வருஷம். எட்டு அணி பன்னிரண்டாகி, டிவியிலும் வந்துவிட்டது. பிள்ளை வளர்ந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் விடுவார்களா? தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நோட்டும் ஸ்டாப்வாட்சுமாக வந்து நின்றார்.

"புல்லு, பந்து, விளக்கு எல்லாத்துலயும் வெளிநாட்டு லீக்குக்குப் பாதியாவது வந்துட்டோம். உங்க ஸ்ட்ரெச்சர்தான் மானத்தை வாங்குது. அங்க நாற்பது வினாடி, நீங்க ரெண்டு நிமிஷம். இன்னிக்கும் இப்படின்னா அடுத்த வாரம் பேட்டரி வண்டிதான். நீங்க வீட்டுல இருக்கலாம்."

"அங்க ரெண்டு பேரும் ஒரே உயரம் சார்," என்றார் மச்சான்.

"நீ வாயை மூடு," என்றார் பல்லக்கு.

எண்பத்தெட்டாவது நிமிஷம். ஊர் அணி ஒரு கோல் முன்னால். கோலுக்குக் காவல் நின்ற நம்ம தடுப்பாட்டக்காரர் காற்றுப் பட்டு விழுந்தார். அவர் பல்லக்கின் மூத்த மகளைக் கட்டியவர். நடுவர் கையசைத்து ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டார். அதிகாரி வாட்சை அழுத்தினார்.

பல்லக்கு ஓடினார். மச்சான் பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தார்.

மாப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன மாமா, ஓடி வர்றீங்க?"

"பேசாம படுங்க மாப்ள."

"எனக்கு ஒண்ணுமே இல்ல மாமா. சும்மா படுத்திருக்கேன்."

"அது ஊருக்கே தெரியும். வேலை போயிடும், படுங்க."

எழுந்திருக்கப் பார்த்தவரை வாரால் இறுக்கிக் கட்டித் தூக்கினார்கள். முப்பத்தொரு வினாடி. வெளியே வந்தவன் நடுவர் சொல்லாமல் உள்ளே போகக்கூடாது. அவர் சொல்வதற்குள், மாப்பிள்ளை காவல் நின்ற இடத்தின் வழியாகவே எதிரணி கோல் போட்டது. ஆட்டம் சமன்.

"நம்ம லீக் உலகத் தரம்," என்று அதிகாரி கைகொடுத்தார். வேலை தப்பியது. மாப்பிள்ளை மாமனாரோடு பேச்சை நிறுத்தினார்.

அதோடு போனதா? ஊர் அணியில் ஒருத்தனும் விழுவதில்லை. கணுக்கால் பிசகினவன்கூடப் பல்லக்கைக் கண்டதும் நொண்டியடித்து எழுந்து ஓடினான். எதிரணிக்காரன் பல்லக்கின் ஓட்டத்துக்கு எப்போதுமே பயந்தவன்தான். நாலு ஆட்டமாக ஸ்ட்ரெச்சர் தரையை விட்டு எழவில்லை. அதிகாரி மறுபடி வந்தார்.

"இந்த விஷயத்துல வெளிநாட்டையே தாண்டிட்டோம். அங்க ஆட்டத்துக்கு மூணு பேராவது விழறாங்க. ஆனா தூக்கறதுக்கு ஆளே இல்லன்னா ரெண்டு பேர் எதுக்கு?"

அன்று சாயங்காலமே பல்லக்கு மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். மாப்பிள்ளை டிவியை விட்டுத் திரும்பவில்லை.

"மாப்ள, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை விழணும்."

மாப்பிள்ளை டிவி சத்தத்தை மட்டும் குறைத்தார். "நீங்க நடந்து வர்றதா இருந்தா சொல்லுங்க."