திரௌபதியும் டீசல் விலையும்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் குருமூர்த்தியின் பெட்ரோல் பங்க்கில் திரௌபதி வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. டீசல் பம்பு அவள் பொறுப்பு. பத்தாவது வரை படித்தவள், கை சுத்தம், யாரிடமும் எரிந்து விழமாட்டாள் என்று பேர். விலை ஏறுகிற நாட்களில்தான் அந்தப் பேரைக் காப்பாற்றுவது பெரும்பாடாகிவிடும். வண்டியை நிறுத்துகிறவர்கள் எல்லாரும், விலையை அவளே உட்கார்ந்து தீர்மானித்த மாதிரி, "என்னம்மா, மறுபடியும் ஏத்திட்டீங்களா?" என்று கேட்பார்கள்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்பாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது.

2008 ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள், நள்ளிரவிலிருந்து பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்கு மூன்று ரூபாயும் ஏறப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். அரைமணி நேரத்தில் வண்டிகளின் வரிசை ரோட்டைத் தாண்டிவிட்டது. மூன்று மணிவாக்கில் குருமூர்த்தி கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். 'ஸ்டாக் இல்லை' என்று எழுதிய தகரப் பலகையை அவளிடம் நீட்டினார்.

"மொதலாளி, காலையிலதான் டேங்க்குல கம்பி வுட்டுப் பாத்தேன். டீசல் மட்டும் ஏழாயிரம் லிட்டர் இருக்குது."

"இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கி வித்துக்கலாம். மாட்டு."

மாட்டினாள். திட்டிக்கொண்டே வண்டிகள் கலைந்தன. கடைசியில் ஒருத்தர் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருவேப்பிலங்குறிச்சியில் கரும்பு போட்டிருக்கிற சாமிக்கண்ணு. கேரியரில் இரண்டு பக்கமும் காலி கேன் தொங்கியது.

"ஒரு பத்து லிட்டராவது குடும்மா. கரண்டு வரதும் தெரியல, போறதும் தெரியல. இஞ்சின் ஓடுனாத்தான் கரும்புக்குத் தண்ணி."

"இல்லீங்கண்ணே" என்றாள் திரௌபதி.

அவர் சைக்கிளைத் திருப்பினார். வெயிலில் வந்த தூரம் பூராவும் மிதித்துக்கொண்டு போக வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். கேனில் டீசல் விழுவதைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி லாரி வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பிக் கேட்டார்.

"ஆமாங்கண்ணே."

அவர் போன பிறகு அவளுக்கு, அந்த மனுஷன் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. பதினோரு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் கண்ணாடி அறைக்குள் போனாள்.

"மொதலாளி, இருக்குறத இல்லன்னு சொல்ல இனிமே எனக்கு வாய் வராது. பலகைய மாட்டுனா நீங்களே வந்து நின்னு சொல்லிக்குங்க."

குருமூர்த்தி சிரித்தார். "நான் ஒருத்தன்தான் செய்யறேனா? ஊரு ஒலகத்துல எல்லாரும் செய்யறதுதான். சரி, அடுத்த தடவ பாத்துக்கலாம், போ."

அவளுடைய புருஷன் கொளஞ்சிநாதன் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை ஆள். பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை அடுக்கி வேகவைக்கிற சூளை அது. எரிவது ஃபர்னஸ் ஆயிலில். ஜூலையில் அந்த எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. வாரத்துக்கு மூன்று முறை பற்றவைத்த சூளையை முதலாளி ஒரு முறை ஆக்கினார். வேலை இல்லாத நாட்களில் கொளஞ்சிநாதன் வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டு, பங்க்குக்கே வந்து அவளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவான்.

நவம்பர் கடைசியில் புயல் மழை ஓய்ந்து வெள்ளாற்றில் வெள்ளம் வடிகிற சமயம். ஒருநாள் அவன் ஈரச் சட்டையோடு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தான். "நாளையிலேர்ந்து பழயபடி சூள ஓடுது. ஆயிலு வெல பாதிக்குப் பாதி எறங்கிடுச்சாம்."

திரௌபதி சோறு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "ஒங்க எண்ண பாதியாச்சு. எங்க டீசலு ஒரு பைசா எறங்கலியே, ஏங்க?"

"என்னக் கேட்டா? பங்க்குல வேல செய்யறது நீயா, நானா?"

அந்தக் கேள்வி அவளைச் சும்மா விடவில்லை. எண்ணெய்க் கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை அளவு பார்க்க தேவநாதன் என்ற இளம் அதிகாரி வருவார். அவர் வேலையை முடித்துவிட்டு ஜீப்புக்குப் போகும்போது திரௌபதி வழியில் போய் நின்றாள்.

"சார், சூளைக்கு ஊத்துற எண்ண வெல எறங்குது. வண்டிக்குப் போடற எண்ண ஏன் எறங்கல?"

பங்க்கில் வேலை செய்கிற யாரும் அவரிடம் இதுவரை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஜீப்பின் பானெட்டில் சாய்ந்துகொண்டு சொன்னார். தொழிற்சாலைக்குப் போகிற எண்ணெய் சந்தை விலையோடு ஏறும், இறங்கும். பெட்ரோல், டீசலுக்கு அரசாங்கம் தலையசைக்க வேண்டும். ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் நூற்று நாற்பத்தேழு டாலருக்குப் போனபோது, அந்தக் கணக்குக்கு ஏற்றியிருந்தால் ஜனங்கள் தாங்கியிருக்கமாட்டார்கள். அதனால் பிடித்து வைத்தார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் நஷ்டத்துக்கு விற்றன. இப்போது கச்சா எண்ணெய் விழுந்தாலும், முதலில் அந்தப் பள்ளத்தைத் தூர்க்கிறார்கள். இதற்கு நடுவே டாலர் நாற்பது ரூபாயிலிருந்து ஐம்பதுக்குப் போய்விட்டது. பீப்பாய் மலிந்ததில் ஒரு பங்கு அதிலேயே போயிற்று.

"வரி இருக்குதுல்ல சார்?"

"இல்லாம? பெட்ரோல்ல கிட்டத்தட்ட பாதி வரிதான். டெல்லிக்கு ஒண்ணு, சென்னைக்கு ஒண்ணு. ஒங்க மொதலாளிக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். டீசல்ல அதுகூட இல்ல."

"ஏத்தணும்னா ஒரே ராத்திரியில ஏத்துறாங்க. எறக்கறதுக்கு மட்டும் ஏன் சார் இவ்ளோ நாளு?"

தேவநாதன் சிரித்துவிட்டார். "அத டெல்லியில இருக்கறவங்களத்தான் கேக்கணும்மா."

அன்றிலிருந்து "எனக்கு என்னங்க தெரியும்" என்ற பேச்சு அவளிடம் இல்லை. கேட்கிறவர்களுக்குத் தேவநாதன் சொன்னதை, டேங்க் நிரம்புகிற நேரத்துக்குள் சொல்லிவிடுவாள். சிலர் மறுத்துப் பேசுவார்கள். லாரிக்காரர்கள் நின்று கேட்பார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் விலை குறையும் என்று பேச்சு அடிபட்டது. இப்போது லோடு வேண்டாம் என்று திரௌபதியும் சொல்லிப் பார்த்தாள். குருமூர்த்தி கேட்காமல் வியாழக்கிழமை ஒரு டேங்கர் லோடு இறக்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிவிப்பு வந்துவிட்டது: நள்ளிரவு முதல் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய், டீசலுக்கு இரண்டு ரூபாய் குறைகிறது. அவ்வளவுதான். பங்க்கில் ஈ காக்கை இல்லை. பழைய விலைக்கு வாங்கி நிரப்பிய டேங்க்கை வைத்துக்கொண்டு குருமூர்த்தி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு ஒரு லாரி உள்ளே திரும்பியது. செராமிக் சரக்கைச் சென்னைக்குக் கொண்டுபோகிற டிரைவர் ஜூடு. விலைச் செய்தி அவன் காதுக்கு வந்திருக்கவில்லை.

"எரநூறு லிட்டர் போடுக்கா."

குருமூர்த்தி எழுந்து நின்று, போடு போடு என்று கையைக் காட்டினார். திரௌபதி பம்பிலிருந்து குழாயை எடுத்தாள், எடுத்தவள் நின்றாள்.

"எப்ப கெளம்பற?"

"காலையிலதான்க்கா."

"ராத்திரிக்கு மேல ரெண்டு ரூவா கொறையுது. இப்ப லாரி செட்டுக்குப் போறதுக்கு மட்டும் போட்டுக்க. மீதிய காலையில போட்டுக்கலாம்."

ஜூடு பத்து லிட்டர் போட்டுக்கொண்டு போய்விட்டான். குருமூர்த்தி அவள் பக்கத்தில் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"நீ யாருகிட்ட சம்பளம் வாங்குற?"

"ஒங்ககிட்டதான் மொதலாளி."

"நாளையிலேர்ந்து வர வேணாம்."

அவள் பங்க்கில் கொடுத்திருந்த நீலக் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தாள். வீட்டுக்குப் போனதும்தான் பயம் வந்தது. சூளை இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது; மறுபடி எப்போது நிற்குமோ. கொளஞ்சிநாதனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அந்த லாரிக்காரப் பையனுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவான்" என்றான். பிறகு, "எங்க கம்பெனியில பாக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்க. விசாரிக்கறேன்" என்றான்.

விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் காலை குருமூர்த்தியின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது.

"உள்ள வாங்க மொதலாளி" என்றாள்.

வந்து உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "சனிக்கெழம காலையில அந்த ஜூடு வந்தான். கூட அவன் செட்டு லாரி நாலு. எறங்குனதும் அக்கா எங்கன்னுதான் கேட்டாங்க. வரவன் போறவன்லாம் அதயே கேக்கறான். என்னான்னு சொல்றது?" டம்ளரைக் கீழே வைத்தார். "ஜூன்ல அமுக்கி வச்சி வித்து சம்பாதிச்சது அத்தனையும் ஒரே ராத்திரியில போயிடுச்சு. அந்தக் கோவத்த ஒன் மேல காட்டிட்டேன்."

"வரேன் மொதலாளி. ஆனா யாரு கேட்டாலும் உள்ளதத்தான் சொல்லுவேன்."

"சொல்லு. அதக் கேக்கத்தான் வராங்க போலருக்குது." எழுந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "லோடு எப்ப எறக்கலாம்னு எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லும்மா."

ஜனவரி கடைசியில் இன்னொரு முறை விலை குறைந்தது. இந்த முறை திரௌபதி, குறையும் என்ற பேச்சு கிளம்பிய முதல் வாரத்திலிருந்தே, அரை லோடுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாள். அறிவிப்பு வந்த அன்று டேங்க்கில் அடிமட்டம்தான். குருமூர்த்தி செய்தியைக் கேட்டுவிட்டு நிம்மதியாக டீ சொன்னார், அவளுக்கும் சேர்த்து.

மறுநாள் ஜூடு டேங்க்கை முழுசாக நிரப்பிக்கொண்டான். மூடியைத் திருகியபடி கேட்டான்.

"மறுபடி எப்பக்கா ஏத்துவாங்க?"

"கச்சா எண்ண ஏறுனா ஏத்துவாங்க" என்றாள் திரௌபதி, குழாயை மாட்டிக்கொண்டே. "அதுவும் வரப்போற எலெக்சன் முடியாம ஏத்தமாட்டாங்க. அதுவரைக்கும் நிம்மதியா ஓட்டு."