குளிசையை நிறுத்தச் சொன்னது யார்?

“...அதுதான் சொல்லுறன் அண்ணை, நான் சொல்லேல்லை. அண்டைக்குக் கோயிலிலை கதைச்சது தாய். என்ன கதைச்சனானெண்டு எனக்கே தெரியாது.”

ஓட்டோக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சரவணையிலிருந்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. பின்சீற்றில் என் தங்கச்சியின் தலை என் மடியில் கிடந்தது. கிணற்றடியில் வலிப்பு வந்து விழுந்தவள். நெற்றி கிணற்றுக்கட்டில் அடிபட்டு வெடித்திருந்தது. நான் அமத்திப் பிடித்த துவாய் முழுக்க இரத்தம். ஓரடி தள்ளிச் சரிந்திருந்தால் கிணற்றுக்குள் போயிருப்பாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளின் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்பியிருப்பேன். கை தங்கச்சியின் நெற்றியில் இருந்ததால் தப்பினார்.

விசயம் இதுதான். மற்ற நாட்களில் அவர் ஓட்டோ ஓடுகிறவர். நல்ல மனிசன், பகிடிக்காரன், காசில்லை என்றால் பிறகு தா என்று விட்டுவிடுவார். வெள்ளிக்கிழமைகளில், எங்கள் ஒழுங்கை முடிவிலுள்ள சின்ன அம்மன் கோயிலில் அவருக்குக் கலை வரும். உடம்பு நடுங்கும், குரல் மாறும். அம்மனே இறங்கிப் பேசுவதாகச் சனம் கைகூப்பி நிற்கும். அதற்கு இரண்டு மாதத்துக்கு முதல் அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான், “குளிசையை நிப்பாட்டு, பிள்ளையை நான் பாக்கிறன்” என்று, வலிப்புக்கு நாள்தோறும் மாத்திரை போடுகிற என் தங்கச்சிக்கு வாக்குச் சொன்னார். அதே மூச்சில், பக்கத்து ஒழுங்கை அக்கா ஒருவருக்கும் சீனி வருத்தக் குளிசையை நிறுத்தச் சொன்னார்.

தங்கச்சியை அங்கே கூட்டிப்போனது யார் என்று கேட்பீர்கள். நான்தான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும், கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டு, கடவுள் எங்கே, உயிர் எங்கே என்று சந்தியில் நின்று ஊரைக் கேள்வி கேட்கிறவன். அவளுக்குக் கலியாணப் பேச்சு வந்துகொண்டிருந்தது. குளிசை போடுகிற பெண் என்று தெரிந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்று பயம். அந்தப் பயத்துக்கு ஏற்றமாதிரி அம்மன் பேசியதும் என் கேள்விகளெல்லாம் எங்கே போயினவோ! குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது இதே கைதான்.

தங்கச்சி தன் வலிப்பைப் பற்றி ஒருமுறை சொன்னாள்: “கரண்ட் நிண்டு வாற மாதிரி அண்ணா. ஆனா நிண்ட நேரம் வீட்டிலை ஆர் இருந்ததெண்டு தெரியாது.” ஓட்டோவில் அது நினைவுக்கு வந்தது. முன்னால் இருக்கிறவர் சொல்வதும் அதேதானே? ஒருவர் தன்னை மறந்து நடுங்கினால் கற்பூரம் கொளுத்துகிறோம். ஒருத்தி தன்னை மறந்து நடுங்கினால் அறைக்குள் ஒளித்து வைக்கிறோம். அவர் பொய் சொல்கிறார் என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பொய்யன் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம்.

“அப்ப நான் ஆரைக் கேக்கிறது? தாயைக் கூட்டிவந்து டொக்டருக்கு முன்னாலை நிப்பாட்டுவீரோ?” என்று கத்தினேன். அவர் ஓட்டோவை இன்னும் விரைவாக விட்டார்.

நெற்றியில் ஏழு தையல். தைத்து முடித்த பெண் டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். “குளிசையை நிப்பாட்டச் சொன்னது ஆர்?”

நான் பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். நான் கையிலிருந்த இரத்தத் துவாயை மடிக்கத் தொடங்கினேன்.

“நான்தான் டொக்டர்,” என்றாள் கட்டிலில் கிடந்த தங்கச்சி, கடிபட்ட நாக்கோடு. “நானாத்தான் நிப்பாட்டினனான்.”

“படிச்ச பிள்ளைதானே நீர்? இதென்ன விளையாட்டே?” என்று தொடங்கி டொக்டர் அவளுக்குக் கொடுத்த பேச்சை, இரண்டு ஆண்கள் மரம்போல நின்று கேட்டோம். காலையில் தான் யாரென்றே தெரியாமல் கிடந்தவள்தான் அங்கே முன்னுக்கு வந்து நின்றாள். முழு நினைவோடு நின்ற நாங்கள் இருவரும் காணாமல் போயிருந்தோம். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகப் புறப்பட்டபோதுதான் பின்னால் ஓடிப்போய், பூட்டி வைத்தது நான் என்று சொன்னேன். சொல்லியும் என் மேலுள்ள ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. ஓட்டோக்காரர் மேலுள்ளதும்தான்.

அம்மன் இருக்கிறாவா என்று எனக்குத் தெரியாது. நான் என்று ஒன்று இந்த உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. ஆனால் ஒருவருடைய உயிர் போகப் பார்த்த பிறகு, அதைச் சொன்னது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த நேரத்தில் ஒளிந்துகொள்கிற எதையும், சாமியானாலும் சரி மனிசனானாலும் சரி, நான் இனிக் கும்பிட மாட்டேன்.

தங்கச்சியை வார்ட்டில் விட்டுவிட்டு, உடுப்பு எடுக்க மத்தியானம் அவருடைய ஓட்டோவிலேயே திரும்பினேன். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாமல் பக்கத்து ஒழுங்கைக்குள் விட்டார். அந்தச் சீனி வருத்த அக்காவின் படலையடியில் நிறுத்திக் கூப்பிட்டார்.

“அக்கா, வெளிக்கிடுங்கோ, டொக்டரிட்டைப் போவம். குளிசையைத் திருப்பிப் போடவேணும்.”

“தாயெல்லோ தம்பி வேண்டாமெண்டு சொன்னவ?”

“தாய் இல்லை அக்கா. நான் சொன்னனான்.”

“உமக்கென்ன விசரே?” என்றார் அக்கா.

அவர் என்னை இறக்கிவிட்டு, ஓட்டோவை வந்த பாதைக்கே திருப்பி, இஞ்சினை நிறுத்தாமல், அக்கா சீலை மாற்றிக்கொண்டு வரும்வரை அந்த வெயிலில் நின்றார்.