மாமி தரம் பிரித்த சங்கத்துத் தாள்கள்

எங்கள் மாமியும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள். சண்டிலிப்பாயில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, ஒரு கிணறு. ஆனால் கதை பேச்சு இல்லை. எதைச் சொல்வதென்றாலும் நடுவில் நான் நிற்கவேண்டும். "உன்ரை பெரியப்பாவிட்டைச் சொல்லு, அவரின்ரை ஆடு என்ரை மரவள்ளியைத் திண்டுட்டுது" என்று மாமி கத்துவார். பெரியப்பா கிட்டத்தான் நிற்பார். காதும் நல்லாய்க் கேட்கும். ஆனாலும் நான் போய்த் திருப்பிச் சொல்லும்வரை அசையமாட்டார். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அந்த உத்தியோகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

சண்டையின் காரணம் ஊருக்கே தெரியும். மாமியின் கணவரான மாமாவும் பெரியப்பாவும் ஒருகாலத்தில் கொட்டிலில் ஒன்றாய்க் குந்தியிருந்து சுருட்டுச் சுற்றியவர்கள். தொழிலாளர் சங்கத்துக்கு மாமாதான் காரியதரிசி. ஒரு வேலைநிறுத்தத்தின்போது, பெரியம்மா பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், பெரியப்பா பின்வேலியால் புகுந்து போய் வேலை செய்துவிட்டார். சங்கம் அவரை நீக்கியது. அந்தத் தீர்மானத்தை எழுதி ஒப்பம் வைத்தவர் மாமா. அன்றோடு நின்ற பேச்சு, மாமா போய்ச் சேர்ந்த பிறகும் தொடங்கவில்லை.

சங்கத்தின் தாள்கள் ஒரு தகரப்பெட்டியில் மாமியிடம் இருந்தன. ஊரோடு இடம்பெயர்ந்தபோது பானை சட்டியை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத்தான் சைக்கிளில் கட்டினாராம். யுத்தம் முடிந்து சில வருடத்தில், பழைய தொழிற்சங்கங்களின் பத்திரங்களைச் சேர்த்து, படம் பிடித்து, விவரப்பட்டியல் செய்கிற ஒரு அக்கா டவுனிலிருந்து வருவதாகப் போன் பண்ணினார். பெட்டியில் கை வைக்காமல் அப்படியே வையுங்கோ என்றும் சொன்னாராம். எங்கள் மாமியா கேட்பார்! வருகிற பிள்ளைக்கு முன்னால் மாமாவின் மானம் போகக்கூடாதே. பெட்டியை முற்றத்தில் கவிழ்த்தார். பிறந்த வீட்டில் புகையிலைக்குச் செய்து பழகியதையே தாளுக்கும் செய்தார். துருப்பிடித்த குண்டூசிகளைக் காம்பு கழிப்பதுபோல் கழித்தோம். வெயில் காட்டினோம். பிறகு தரம் பிரித்தோம்: நீளத் தாள் ஒரு பக்கம், கட்டைத் தாள் ஒரு பக்கம், கறுத்தது, சிவந்தது, வெளிறியது என்று. வாழைநாரால் கட்டிச் சிப்பம் சிப்பமாய் அடுக்கியபோது, அடேயப்பா, கண் நிறைந்தது.

அக்கா ஸ்கூட்டியால் இறங்கி அடுக்கைப் பார்த்தார். அப்படியே படியில் குந்திவிட்டார்.

"ஐயோ மாமி, ஏன் பிரிச்சனீங்கள்?"

"என்ன பிள்ளை, வடிவாய்த்தானே கிடக்கு?"

வடிவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டறிக்கையிலும் முதல் தாளில் மட்டுந்தான் திகதி இருந்தது. குண்டூசி போனதும் எந்தத் தாள் எந்தக் கூட்டத்துக்குச் சொந்தம் என்று தாளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அது விளங்கியதும் மாமியின் முகம் செத்துப்போயிற்று. அவர் கட்டிக் காத்ததைத் தானே குலைத்துவிட்டாரே. எனக்கும் அழுகை வந்தது.

ஆனால் மாமி அழுதுகொண்டு இருக்கிற ஆள் இல்லை. முந்திக் கொட்டிலில் எல்லாரும் சுருட்டுச் சுற்ற, ஒருவர் பேப்பர் வாசிப்பாராம். வாசிக்கிறவருக்கும் கூலி உண்டாம். மாமி மிஞ்சியிருந்த பழைய தொழிலாளிகளைக் கூப்பிட்டு முற்றத்தில் பாய் விரித்தார். வாசிக்க நான். "உது மழைக்கு முந்தின கூட்டம்" என்பார் ஒருவர். "உமக்கென்ன விசரே, அது சம்பளம் கூட்டினாப் பிறகு" என்பார் மற்றவர். இரண்டு பேருமே பிழையாக இருந்ததும் உண்டு. அக்கா சிரித்துக்கொண்டு இரண்டையும் பென்சிலால் குறிப்பார். பிறகு மையையும் வசனத்தையும் ஒத்துப் பார்த்துத் தாளைத் தாளோடு சேர்ப்பார். பின்னேரத்துக்குப் பின்னேரம் கூட்டங்கள் ஒவ்வொன்றாய் உயிர் பெற்றன. தங்கள் பெயர் வந்தால் கிழவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து இருப்பார்கள்.

பெரியப்பா பாய்க்கு வரவில்லை. வேலியோரம் ஆட்டுக்கு இலைகுழை கட்டுகிற சாட்டில் நிற்பார். ஒரு கட்டுக் குழைக்கு ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தார்.

அவரை நீக்கிய தாளை மாமி முதலே கண்டெடுத்து வெற்றிலைத் தட்டத்துக்குக் கீழே வைத்திருந்தார். "உதை மட்டும் வாசிக்காதை, பிள்ளை. ஆரின்ரை கண்ணிலையும் பட வேண்டாம்" என்று என் காதுக்குள் சொன்னார். நான் வாசிக்கவில்லை.

கடைசிச் சிப்பமும் முடிந்தது. அக்கா தாள்களை மட்டைகளுக்குள் வைத்து இலக்கம் போடத் தொடங்கினார். அப்போது பெரியப்பா வேலியை விட்டு வந்தார். பாயின் ஓரத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், நேரே மாமியைப் பார்த்துக் கேட்டார்:

"என்ரை தாள் எங்கை?"

"அது வேண்டாம், அண்ணை" என்றார் மாமி.

பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

"ஊர் உலகம் பாக்கப்போகுது அண்ணை. உங்களுக்கேன் அந்த அவமானம்?"

"பேர் பதிஞ்ச கொப்பியெல்லாம் இடம்பெயர்வோடை போயிட்டுது. உவ்வளவு நாளும் நிண்டு கேட்டனான், ஆரின்ரை பேரெல்லாமோ வந்துது, என்ரை பேர் வரேல்லை. சங்கத்திலை இல்லாதவனை ஆர் நீக்குறது? நான் இருந்தனான் எண்டதுக்கு உந்தத் தாள்தான் மிச்சம். எடு."

மாமி தட்டத்தைத் தூக்கித் தாளை என் கையில் தந்தார். நான் வாசித்தேன். முழுப்பெயர், தகப்பன் பெயர், அங்கத்தவர் இலக்கம். சங்கத்துக்குத் துரோகம் இழைத்தமையால் இன்றிலிருந்து நீக்கப்படுகிறார். பாயில் இருந்த கிழவர் ஒருவர் அரக்கி இடம் விட்டார். பெரியப்பா குந்தினார். "இன்னொருக்கால் வாசி பிள்ளை, ஆறுதலாய்" என்றார். வாசித்தேன். திரும்பவும் கேட்டார். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். பெரியப்பாவோ கல்யாண வீட்டில் இருப்பவர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. தாளை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து வளவிலிருந்த எங்கள் வீட்டுக்கு ஓடினேன். பெரியப்பாவுக்குத் தலையிலே ஏதோ சுகமில்லை, துரோகி என்று எழுதினதைத் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்லிச் சிரிக்கிறார், ஒருக்கால் வந்து பாருங்கோ என்று அம்மாவிடம் முறையிட்டேன்.