புத்தகக்காரரைத் தேடி வந்தவர்கள்

ஐம்பதுகளின் கடைசியில், நீங்கள் பிறக்கும் முன், நான் தென்னூரில் ஓர் அறையில் தனியாகத் தங்கியிருந்தேன் பிள்ளைகளா. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, அங்கேயே ஒரு கடையில் பைண்டு செய்து, சைக்கிளில் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய், வீடு வீடாக வாடகைக்குப் படிக்கக் கொடுப்பேன். உங்கள் அம்மா லால்குடியில் தாய் வீட்டில் இருந்தாள். ஐப்பசிக்குள் இந்தத் தொழில் நிலைக்காவிட்டால் நானும் அங்கே போய் மாமனாரின் வயலைப் பார்ப்பது என்று பேச்சு.

ஐப்பசியும் பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் என்னை 'லால்குடிக்காரர்' என்றுதான் சொன்னார்கள். என் சொந்த ஊரும் லால்குடிதான், அதில் தப்பில்லை. ஆனால் வெளியூர்க்காரனுக்குக் கதவு பாதிதான் திறக்கும். அந்தச் சமயம் பார்த்துக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். எழுந்ததும், வருகிறேன் என்று மாமனாருக்கு ஒரு கார்டு எழுதினேன்.

அதைத் தபாலில் போடப் புறப்பட்டால், வாசலில் ஒரு வயதான தம்பதி. ஸ்ரீரங்கத்தில் என்னிடம் புத்தகம் வாங்கும் மாமியும், சமஸ்கிருத வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அவர் கணவரும். புத்தகத்தில் ஒட்டியிருந்த பைண்டிங் கடைச் சீட்டைப் பார்த்து, பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"முதல் பாகத்தைக் கொடுத்துட்டுக் காணாமப் போயிட்டேளே. அந்தப் பொண்ணோட கதி என்ன ஆச்சு?" என்றார் மாமி.

கணவருக்குச் சகதியில் அலைந்த கோபம். தெருவெல்லாம் மாமி 'புஸ்தகக்காரர் எங்கே' என்று கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. சமஸ்கிருதத்தில் காரன் என்றால் செய்கிறவன், கும்பகாரன் குடம் செய்கிறவன், இவர் என்ன புத்தகம் செய்கிறவரா, சுமக்கிறவர்தானே என்றார்.

"உங்களைக்கூட எங்காத்துக்காரர்னுதான் சொல்றேன். நீங்களா ஆத்தைக் கட்டினேள்?"

அவர் சிரித்துவிட்டார்.

வடமொழியில் எப்படியோ, நான் எட்டாவது வரை படித்தவன். தமிழுக்கு வந்தபின் அந்தச் சொல் கொஞ்சம் இளகிவிட்டது போலிருக்கிறது. பால்காரர் பாலைச் செய்வதில்லை. ஆனால் விடிந்தால் அவரைத்தானே எதிர்பார்க்கிறோம்? என்னையும் ஒரு வீடு அப்படி எதிர்பார்த்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து வீடுகளிலும் கேட்கிறார்கள், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லி மாமி கிளம்பினார். கார்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஓரத்தில் இருந்த இடத்தில் 'உங்கள் பெண்ணைத் தென்னூருக்குக் கூட்டிவந்து விடுங்கள்' என்று நெருக்கி எழுதினேன்.