எண் வெட்டப்பட்ட தந்தி

எங்கள் வீட்டில் தந்தி என்றால் பாட்டு எண்தான். தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ வேதக்கார வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே கோயில் பாட்டுப் புத்தகம் இருந்ததால் 'பாட்டு' என்று போட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். நன்றிப் பாட்டின் எண் வந்தால் சுகம். அடக்கப் பாட்டின் எண் வந்தால் துக்கம். அண்ணன் குறும்புக்காரன். பிரெஞ்சுக்காரன் ஆளும் சைகோனில் கணக்கு வேலை கிடைத்தபோது அறுப்புப் பண்டிகைப் பாட்டின் எண்ணை அனுப்பி அம்மாவைச் சிரிக்க வைத்தான்.

முதல் உலக யுத்த காலத்தில் அவனுக்கு அங்கே விஷக்காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய், சுகமா என்று கேட்டுத் தந்தி கொடுத்தார். பதிலும் வந்தது. எங்கள் விலாசம், அண்ணன் பேர், நடுவில் 'பாட்டு' என்று ஒரு சொல். எண் இல்லை.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் ஜெபத்துக்கு வந்துவிட்டார்கள். எந்தப் பாட்டை எடுப்பது என்று தெரியாமல் உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். ஒரு அம்மாள் என் தாயின் கையைப் பிடித்து அழுதாள். அவளுக்கு அடுத்து இருந்தவள் ஸ்தோத்திரம் சொன்னாள். இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் அப்பாவோடு நானும் தந்தி ஆபீசுக்குப் போனேன்.

"சார்வாள், இப்ப எண் போட்ட தந்தி செல்லாது. ரகசியக் குறியா இருக்கும்னு வெட்டிருதாங்க," என்றார் தந்தி மாஸ்டர். "இங்கிலீஷ், இல்லன்னா பிரெஞ்சு. எதையும் மறைக்காம எழுதணும், முழுப் பேர் போடணும்."

"வெட்டினது யாரு? நம்ம இங்கிலீஷ்காரனா, பிரெஞ்சுக்காரனா?" என்றார் அப்பா.

"அதை எப்படிச் சொல்ல? சைகோன்ல வெட்டிருப்பான், இல்லன்னா சிங்கப்பூர்ல, இல்லன்னா மெட்ராஸ்ல. எல்லாரும் இப்பக் கூட்டாளி. ஒருத்தன் கம்பியை இன்னொருத்தன் காக்குதான். சட்டமும் ஒண்ணுபோலதான்."

"கூட்டாளின்னா ஒருத்தனை ஒருத்தன் நம்ப வேண்டியதுதானே வே?"

மாஸ்டர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேல இருந்து உத்தரவு, சார்வாள்," என்றார். அவருக்கும் விளங்கவில்லை. எங்கள் கோயில் பாட்டை வைத்துக்கொண்டு ஜெர்மன்காரன் என்ன செய்வான் என்று இன்றுவரை எனக்கும் விளங்கவில்லை.

மறைக்காமல் எழுத வேண்டுமாம். உயிரோடிருக்கும் பிள்ளையைப் பற்றிச் சாவு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. அப்பா பேனாவைப் பிடித்தபடியே நின்றார். கடைசியில் நான்தான் வாங்கி, உயிரோடிருக்கிறாயா, இறந்துவிட்டாயா என்று இங்கிலீஷில் எழுதினேன்.

பதில் வந்தது: உயிரோடிருக்கிறேன், குணமாகிவிட்டது. கீழே அண்ணனின் ஞானஸ்நானப் பேர், தகப்பன் பேரோடு, முழுசாக. அப்பா முழங்காலில் விழுந்துவிட்டார். அம்மா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாரு வேணும்னாலும் எழுதலாம்லா?" என்றாள். "எம்மவன் எனக்கு இம்புட்டு நீளமாவா பேர் போடுவான்? அவன்னா ஒரு எண்ணைப் போட்டு நம்மளைத் தேட விட்டிருப்பான்."

அது அண்ணனே கொடுத்த தந்திதான் என்று, யுத்தம் முடிந்து அவன் ஊருக்கு வந்தபோது தெரிந்தது. அன்றைக்கு அம்மாவிடம் அதை எப்படி நிரூபிப்பது? நானும் அப்பாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனோம். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நன்றிக் காணிக்கை வைக்கக் கோயிலுக்குப் போனார். அம்மா போகவில்லை. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்ப அண்ணன் இருக்கான்னு நெனைக்கியா, இல்லன்னு நெனைக்கியா?"

"தெரியலையே ஏட்டி," என்றாள், களைந்த தண்ணீரை வடித்தபடி. "எம்புள்ள மொதல்ல போட்ட எண்ணை ஊர் பேர் தெரியாதவனெல்லாம் பாத்துட்டான். எனக்குத்தான் காட்டலை."